தண்ணீர் விடாத பாத்தி

எழுத்து எனக்குக் கைவராத வேலை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது; இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. ஒன்றைத் தொடங்கி வேறெங்கோ போய்விட்டால் கோபிக்காதேங்கோ. ஆனால் கிழங்குப் பூவைப் பற்றி என்றால் எனக்குத் தெரியும். அதிலே கூச்சமில்லை.

இன்று காலை லண்டன் கோலியர்ஸ் வுட்டில், மகளின் பிளாட் பல்கனித் தொட்டியில், நெரீன் என்கிற கிழங்குப் பூ தண்டு போட்டிருக்கிறது. இலை ஒன்றுமில்லை. வெறும் தண்டு, நுனியில் ரோசா நிற மொட்டு. கீழே மரங்களெல்லாம் இலையைக் கொட்டிக்கொண்டு நிற்க, இது மட்டும் இப்போதுதான் விடிந்தது போல எழும்பி வரும்.

கிழங்கைக் கையில் எடுத்தால் வெங்காயமேதான். அதே சருகு, அதே கழுத்து. எல்லா வினையும் அதால் வந்ததுதான்.

பக்கத்திலே மிச்சம் என்கிற ஊரில் நாங்கள் வீடு வாங்கிய புதிதில், பக்கத்து வீட்டு ஜோன் ஒரு பை நிறையக் கிழங்கை வேலிக்கு மேலால் தந்தா. தனியாக இருந்த வெள்ளைக்கார மனுசி. எனக்கோ ஆங்கிலம் அரைகுறை. ஆட்களைக் கண்டால் உள்ளே போய் நிற்கிற பழக்கம் வேறு. ஆனால் செடிக்குப் பேச்சு என்னத்துக்கு? முன் மதிலோரம் வெயில் விழுகிற இடத்தைக் காட்டினா. கிழங்கின் கழுத்து மண்ணுக்கு வெளியே தெரியவேண்டும் என்று தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினா. கடைசியாக விரலை ஆட்டி, "இன் சமர், நோ வோட்டர், டியர்!" என்றா.

கோடையில் தண்ணீர் விடாதே என்கிறா என்று விளங்கியது. நம்பத்தான் முடியவில்லை. என் ஐயா வெங்காயம் செய்தவர். பாத்தி காய்ந்தால் அவருக்குச் சோறு இறங்காது. ஒரு பாத்தி நிறைய மற்றதற்குத் தண்ணீர் மாறிவிடுவது சின்ன வயதில் என் வேலை. அப்படி வளர்ந்தவளுக்குக் காய்ந்த மண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்க ஏலுமோ? ஜோன் கதவைச் சாத்தியதும் ஹோஸைத் திறந்துவிடுவேன். இலை வந்தது பாருங்கோ, வெங்காயத் தாள் மாதிரிக் கறிக்குப் போடுகிற லீக்ஸே தோற்றுப்போகும். பூ மட்டும் இல்லை.

இவர் பெற்றோல் ஸ்டேசன் ஷிப்ட் முடிந்து வந்தால், சப்பாத்தைக் கழற்றமுதல் பாத்தியைத்தான் பார்ப்பார்.

"இஞ்சரும், உம்மட வெங்காயத்தைப் பிடுங்கிச் சம்பலெண்டாலும் போடுமன்."

"வாயிலை வைச்சீங்களெண்டால் ஆஸ்பத்திரிதான். அது நஞ்சு."

"இந்த நவராத்திரிக்கும் பூக்காட்டி கிண்டி எறிஞ்சுபோட்டு லீக்ஸ் வைக்கிறன்."

"வையுங்கோ. ஆனா பூக்கும்."

வாய் அப்படிச் சொன்னதே தவிர, மனதில் பயம்தான். நவராத்திரிக்குக் கடைப்பூ வைப்பது எனக்குப் பெரிய குறை. பிளாஸ்டிக் பைக்குள் வியர்த்துப்போய் வருகிற பூ. என் பாத்தியில் பறித்து ஒன்றாவது சரஸ்வதிக்கு வைக்க ஆசை. அந்தக் குளிரில் இந்தக் கிழங்கை விட்டால் எனக்கு வேறென்ன இருந்தது?

அந்தச் சமரில் மழையே இல்லை. ஹோஸ் பிடிக்கக்கூடாது என்று தடை வந்தது. இவர் சட்டத்துக்குப் பயந்தவர். ஹோஸைச் சுருட்டி ஷெட்டுக்குள் வைத்துவிட்டார். அரிசி கழுவின தண்ணீர் கறிமிளகாய்க்கே காணாது. மதிலோரம் மண் வெடித்தது, இலை கருகியது. கிழங்கு செத்துவிட்டது என்றே நினைத்தேன். ஒருத்தருக்கும் சொல்லவில்லை.

நவராத்திரி தொடங்கிய அன்று, வேலைக்கு வெளிக்கிட்ட மனுசன் வாசலில் நின்று கத்துகிறார்.

"இஞ்சரும்! ஓடியாரும்!"

"என்னப்பா, ஆர் விழுந்தது?"

"விழேல்லையப்பா. வந்து பாருமன்!"

மதில் நெடுக ரோசாத் தண்டுகள். "நான் ஹோஸைச் சுருட்டினதாலைதான்" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். லீக்ஸ் கதை அதோடு முடிந்தது.

முதல் தண்டு சரஸ்வதிக்கு. அடுத்தது, அவித்த கடலையோடு, ஜோனுக்கு. பூவைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, ஹோஸ் பிடிப்பது போலக் கையை ஆட்டிச் சிரித்தா. "ஐ ஹேர்ட் யூ எவ்ரி ஈவ்னிங், டியர்." பின்னேரம் பின்னேரம் ஹோஸ் சத்தம் கேட்டு, எல்லாம் தெரிந்தும் பேசாமல் இருந்திருக்கிறா!

பிறகு கிழங்குகள் பெருகி ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு கிடந்தன. பிரிக்காதே என்றா ஜோன், அதைக் கேட்டேன். நெருக்குப்பட்டால்தான் இதற்குப் பூக்க மனம் வரும். நாங்களும் லண்டனுக்கு வந்த புதிதில் ரூட்டிங் என்கிற இடத்தில் ஒரே வீட்டில் நாலு குடும்பமாகக் கிடந்தோம். குசினிக்கு வரிசை, குளியலறைக்கு வரிசை. அங்கே சிரித்த சிரிப்பு பெரிய வீட்டில் வரவில்லை.

இப்போது இவரும் இல்லை, ஜோனும் இல்லை. வீட்டை விற்றாயிற்று. பஸ்ஸில் போகையில் பார்த்தேன்: பாத்தி இருந்த இடத்தில் கல்லுப் பதித்து இரண்டு கார். வேலி ஆள் உயரப் பலகையாகிவிட்டது. அதுக்கு மேலால் ஒரு பூவைக்கூட நீட்ட ஏலாது. அரிசிப் பையில் கொண்டுவந்த கிழங்குகளைத் தொட்டியில் நெருக்கி நட்டேன். போன வருடம் பூக்கவில்லை. "எறியுங்கோ அம்மா" என்றாள் மகள். "பொறு" என்றேன். இப்போது மொட்டு வந்திருக்கிறது.

ஒன்றுதான் சந்தேகம். தண்ணீரை நிற்பாட்டுவது ஆனியிலா, ஆடியில் இலை மஞ்சளான பிறகா? ஜோன் சொன்னது மறந்துபோச்சு. கேட்க வேலிக்கு அங்காலே ஆளில்லை. தெரிந்தவர்கள் ஒருக்கால் சரிபார்த்துச் சொல்லுங்கோ.