மூன்று மு. லட்சுமிகள்

“இரட்டைப் பதிவு என ஐயம் எழும் மாணவரின் பெயரை, பள்ளிக்கு நேரில் சென்று சரிபார்த்த பின்னரே நீக்க வேண்டும்.” விதி அப்படித்தான் சொன்னது. வட்டாரக் கல்வி அலுவலகத்தில் பள்ளிப் புள்ளிவிவரங்களுக்கு நான் கண்காணிப்பாளர். விதி மனப்பாடம், பள்ளிக்குப் போக ஜீப் கிடையாது. ஆகவே கணினியே நீக்கியது. அதற்கு ஜீப் தேவைப்படவில்லை.

அந்த விதியோடு சேர்ந்து நினைவுக்கு வருவது, எங்கள் அலுவலக வாசலில் ஒரு காலை கிடந்த மூன்று ஜோடிச் செருப்புகள். ஒரே நிறம், ஒரே வார், ஒரே அளவு. அவற்றைப் போட்டு வந்த பிள்ளைகளின் அம்மாக்கள் மூவருக்கும் ஒரே ஷூ கம்பெனியில் வேலை. அங்கே கழித்துப்போட்ட தோலில் தைத்தவை. செருப்புக்கு உரியவர்கள் என் மேசைக்கு முன்னால் நின்றார்கள், மூன்று சிறுமிகள். அவர்களைப் பேரணாம்பட்டுப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் அழைத்து வந்த தலைமையாசிரியை உட்காரவே இல்லை.

“சார், மூணும் மு. லட்சுமி. மூணு பேரு அப்பாவும் முருகன். பொறந்தது ஜூன் ஒண்ணு. ஒண்ணுதான் நெஜம்னு உங்க கம்ப்யூட்டரு சொல்லுது. எந்த ரெண்டு டூப்ளிகேட்டுன்னு காட்டுங்க, இங்கியே வுட்டுட்டுப் போறேன்.”

குமாஸ்தாக்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அறுபத்தொரு பிள்ளைகள் இருந்தால் அந்தப் பள்ளிக்கு மூன்றாவது ஆசிரியர் உண்டு. பதிவேட்டில் அறுபத்திரண்டு; இரண்டு லட்சுமிகள் போனதும் அறுபது. மூன்றாவது ஆசிரியை உபரி என்று பட்டியல் வந்துவிட்டது. பீடி சுற்ற உட்கார்ந்துவிட்ட பெண்பிள்ளைகளை வீடு வீடாகப் போய்ப் பள்ளிக்குத் திருப்பியவர் அவர்தான்.

“ஜூன் ஒண்ணுன்னு போடச் சொன்னது யாரு சார்?” என்றார் தலைமையாசிரியை, குரலைத் தாழ்த்தி.

நான்தான். பிறப்புச் சான்று இல்லாத பிள்ளைக்குத் தேதிக் கட்டத்தைக் காலியாக விட்டால் கணினி ஏற்காது. “ஜூன் ஒன்று போட்டு அனுப்புங்கள்” என்று கூட்டத்தில் நான் வாயால் சொன்னேன்; எழுத்தில் கொடுக்கவில்லை. எதை எழுத்தில் கொடுக்கக் கூடாது என்பதும் எனக்குத் தெரிந்த நடைமுறைதான். வட்டாரத்தில் பாதிப் பிள்ளைகள் ஒரே நாளில் பிறந்தார்கள். அதை வைத்து மேலே திட்டம் போட்டார்கள்.

எழுந்து வாசல்வரை போனேன். சிறுமிகள் அதற்குள் வெளியே வந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி தடுமாறி வேறு ஜோடியில் கால் வைத்தாள்.

“ஏய், அது என்துடி! உன்து வாரு லூசு.”

“ஆமா, இவுளுது குதிங்காலு தேஞ்சிருக்கும் சார். நடக்கவே மாட்டா, இழுப்பா.”

குனிந்து பார்த்தேன். ஒன்றில் வார் தளர்ந்திருந்தது, ஒன்றில் குதிகால் தேய்ந்திருந்தது. முப்பது ஆண்டுப் பணியில் நான் செய்த முதல் நேரடிச் சரிபார்ப்பு அது. உள்ளே ஓடினேன், ஆமாம், ஐம்பத்தாறு வயதில் ஓடினேன். “மூவரையும் நேரில் கண்டேன். மூவரும் வெவ்வேறு மாணவியர். பிறந்த தேதி தவறானது, அதைப் பதியச் சொன்னது என் வாய்மொழி உத்தரவு” என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

தலைமையாசிரியை எட்டிப் பார்த்துப் படித்தார். “பேஜார்ல மாட்டிப்பீங்க சார்.”

மாட்டினேன். விளக்கம் கேட்டு எனக்கு வந்த ஓலைக்கு வேகம் அதிகம். பள்ளிக்கு வரவேண்டிய பதில் நகரவே இல்லை. உபரி ஆசிரியை விடைபெற்றுக்கொள்ளச் சாக்பீஸ் பெட்டியைக்கூட ஒப்படைத்துவிட்டார்.

இப்போது நான் ஓய்வில் இருக்கிறேன். பிள்ளைக்கு ஒரு எண், விரல்நுனியில் விவரம் என்கிறார்கள். நல்லது. யாராவது வாசல்வரை போய்ச் செருப்பைப் பார்த்தார்களா என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

நீக்கப்பட்ட இரண்டு பெயர்களும் மீண்டும் சேர்க்கப்பட்டன, மூன்றாவது ஆசிரியை அங்கேயே தொடரலாம் என்ற பதில், நான் ஓய்வு பெறும் முன்பே, கடைசியில் வந்தே விட்டது. உறைமேல் இருந்த தபால் முத்திரையைப் பார்த்துத் தலைமையாசிரியைக்குப் போன் செய்தேன். சிரித்துக்கொண்டே தேதியைப் படித்துக் காட்டினேன். முத்திரையில் இருந்த தேதி, ஜூன் ஒன்று.