நரிக்கு அம்மா கொடுத்த குரல்

சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் பின்னேரம் ஐந்து மணிக்கு அந்தக் கார்ட்டூன் போகும். ஒரு மெலிந்த நரி, தலையில் நசிந்த தொப்பி. அதற்குக் கூட்டாளியாகத் தடித்த இன்னொரு விலங்கு, முகத்தில் வெள்ளைக் கோடு. இரண்டுக்கும் ஏமாற்றுதான் தொழில். தங்களுடையதல்லாததை விற்பார்கள். இல்லாத நோய்க்கு மருந்து கொடுப்பார்கள். ஒவ்வொரு கதையின் முடிவிலும் அகப்பட்டு, கையில் இருந்ததையும் விட்டுவிட்டு ஓடுவார்கள். எவருக்கும் அவர்கள்மேல் கோபம் வராது. ஏமாந்தவர்களே அடுத்த கிழமை கதவைத் திறந்து உள்ளே கூப்பிடுவார்கள். மிகப் பழைய கார்ட்டூன். எங்கோ வெளிநாட்டில் செய்து, சிங்களத்தில் குரல் கொடுத்தது.

ஊர்காவற்றுறையில் எங்கள் வீட்டு அன்டெனாவுக்குத் தெளிவாக அகப்பட்டது அந்த ஒரு அலைவரிசைதான். அம்மாவுக்குச் சிங்களம் தெரியாது. அப்பாவுக்குக் கண் தெரியாது. கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு கெட்டுவிட்டதென்று டாக்குத்தர் சொல்லியிருந்தார். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பது மட்டும் அவருக்குப் புரியும். நாற்பது வருடம் நண்டு வலை போட்டவர், கடைசி இரண்டு வருடமாகக் கதிரையில் இருந்தார்.

ஆகவே அம்மா பார்த்தார், அப்பா கேட்டார். இடையில் இருந்த கதை முழுவதும் அம்மாவினுடையது.

நான் கொழும்பில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் வேலை செய்கிறேன். சிங்களத்தில் வரும் அறிக்கைகளைத் தமிழாக்குவதும், மற்றவர்கள் தமிழாக்கியதில் பிழை பார்ப்பதும் என் வேலை. அப்பாவின் கிளினிக் நாளை ஒட்டி இரண்டு கிழமை லீவில் போயிருந்தபோதுதான் வீட்டில் இப்படியொன்று நடப்பது தெரிந்தது. தொலைபேசியில் அம்மா சொன்னதில்லை. தொலைபேசியில் அவர் சொல்வது மருந்து, மழை, தண்ணீர் கொண்டுவரும் பவுசர் வந்ததா இல்லையா என்பவை மட்டுமே.

முதல் சனிக்கிழமை நான் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். அறைக்குள் யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். மூக்கால் வரும், அவசரமான ஒரு குரல்; மீன் ஏலம் கூறுபவர்கள் அப்படித்தான் பேசுவார்கள். எட்டிப் பார்த்தால், அம்மா.

"இப்ப என்ன செய்யிறான்?" என்று அப்பா கேட்டார்.

"கடலட்டைப் பண்ணை போட்டுத் தாறன் எண்டு சம்மாட்டியாற்ற மனிசியிட்டப் போய் நிக்கிறான்."

படத்தில் இருந்தது கண்ணாடி போட்ட ஒரு வான்கோழி. பத்து வள்ளம் வைத்திருக்கும் முதலாளியின் மனைவியாக அம்மா அதை மாற்றியிருந்தார்.

"அவ விடமாட்டா. கெட்டிக்காரி," என்றார் அப்பா.

"எங்க! கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிவத்தைப் பாக்கிறா. தலைகீழாய்ப் பிடிச்சிருக்கிறா."

"மரநாய் எங்க?" நரியின் தடித்த கூட்டாளிக்கு அம்மா வைத்திருந்த பெயர் அது.

"அதுதானப்பா கடலட்டை! சாக்குக்குள்ள போட்டுத் தண்ணிக்குள்ள இறக்கி விட்டிருக்கிறான். 'அண்ணை குளிருதண்ணை, அண்ணை குளிருதண்ணை' எண்டு அழுகுது. 'பொறடா, நீ இப்பதான் வளருறாய்' எண்டுறான்."

அப்பாவின் சிரிப்பு சத்தமில்லாமல் தொடங்கும். முதலில் தோள் குலுங்கும், பிறகு இருமல் வரும், இருமலுக்குப் பிறகுதான் சத்தம். அதைக் கேட்டு எவ்வளவு காலம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. படத்தில் நரி உண்மையில் ஒரு தொட்டித் தண்ணீரைக் காட்டி, இது மூட்டு வாதத்துக்கு நல்ல ஊற்று என்று வான்கோழியிடம் சொல்லிக்கொண்டிருந்தது. அன்று நான் எதுவும் சொல்லவில்லை. நல்லெண்ணத்தால் அல்ல. கையில் மீன் இருந்தது.

அடுத்த நாள் தேத்தண்ணியோடு நானும் அறையில் போய் இருந்தேன். நரி ஒரு சிறிய ஆற்றின் கரையில் தடி ஒன்றைக் குறுக்கே போட்டுவிட்டு, வருகிற விலங்குகளிடம் கையை நீட்டியது. அம்மா ஒரு கணம் பார்த்தார். பிறகு அந்தக் குரல் வந்தது.

"பாதையில நிண்டு டிக்கெட் விக்கிறானப்பா."

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக் கடலைக் கடக்கும் மிதவைக்கு எங்களிடம் பாதை என்று பெயர். அதில் ஏறக் காசு வாங்குவதில்லை. அப்பாவுக்குத் தோள் குலுங்கத் தொடங்கிவிட்டது.

"பாதைக்கு டிக்கெட்டோ?"

"நிண்டுகொண்டு போனா ஒரு விலை, இருந்துகொண்டு போனா ஒரு விலை. கரையைப் பாத்துக்கொண்டு போனா அது வேற."

"மாட்டுக்கு?"

"மாட்டுக்கு அரை டிக்கெட். கொம்பு இருந்தா முழு டிக்கெட்."

"என்னைப்போல ஆளெண்டா? கரை தெரியாதே."

"உங்களுக்கு விலைக் கழிவு இருக்காம். ஆனா கரை வந்திட்டுது எண்டு சொல்லுறதுக்கு மரநாய்க்குத் தனியாக் குடுக்க வேணுமாம்."

அப்பா கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு இருமினார். கண்ணீர் வந்தது. அவர் கண்ணுக்கு அது இன்னும் முடிந்தது.

அப்போதுதான் நான் பேசினேன்.

"அம்மா, அது பாதையில்லை, பாலம். டிக்கெட் எண்டு அவன் சொல்லவேயில்லை. பாலம் திருத்தக் காசு சேக்கிறன் எண்டுதான் சொல்லுறான். மற்றது, அது மரநாயுமில்லை. எங்கட நாட்டில இல்லாத ஒரு மிருகம்."

கோபத்தோடு சொல்லவில்லை. கேலியும் இல்லை. ஒரு பக்கத்தின் பிரதியில் பென்சிலால் கோடு போடுவதுபோலச் சொன்னேன். சொன்னதெல்லாம் சரி.

"அப்பிடியோ?" என்றார் அம்மா. படத்தைப் பார்த்தார். "எனக்கென்ன தெரியும் சிங்களம்." எழுந்து தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்தார். என்னுடையதில் பாதி இருந்தது. அதையும் எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனார். நானும் பின்னால் போனேன். அவர் கழுவிய கோப்பையைத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார். அறையில் நரி தனியாகச் சிங்களத்தில் கதைத்தது. அப்பா என்னைக் கூப்பிட்டு, அவன் என்ன சொல்கிறான் என்று கேட்கவில்லை.

அந்தக் கிழமை மாதத்தின் முதல் வெள்ளி வந்தது. அம்மா பூசைக்கு முன்னரே கோவிலுக்குப் போனார். மறுநாள் ஐந்து மணிக்கு அப்பா தானாகவே கதிரையைத் தடவி வந்து இருந்தார். அம்மா தொலைக்காட்சியைப் போட்டுவிட்டு, சுளகை மடியில் வைத்து அரிசியில் கல் பொறுக்கத் தொடங்கினார்.

"என்ன செய்யிறான்?"

"பிள்ளையைக் கேளுங்கோ. அவவுக்குத்தான் தெரியும்."

"பிள்ளை சரியாச் சொல்லும். அது எனக்கு வேண்டாம். நீர் சொல்லும்."

"ஏலாது. சுவாமியாரிட்டப் பாவசங்கீர்த்தனம் செய்திட்டன்."

"எதுக்கு?"

"கண் தெரியாத மனிசனுக்கு ரெண்டு வருசமாப் பொய் சொன்னதுக்கு."

அப்பா அவர் பக்கம் முகத்தைத் திருப்பினார். "சுவாமி என்ன சொன்னவர்?"

"முதல் சிரிச்சவர். பிறகு மூண்டு அருள்நிறைந்த மரியே சொல்லச் சொன்னவர்."

"சுவாமியே சிரிச்சவரெண்டா அது பாவத்தில சேராது."

"இனிமேல் செய்யமாட்டன் எண்டு சொல்லித்தானே மன்னிப்பு வாங்கினனான். வாங்கிப்போட்டுத் திரும்பச் செய்யிறதே? அது நரியின்ர வேலை."

அவர் நகைச்சுவையாகச் சொல்லவில்லை. அம்மாவைத் தெரிந்தவர்களுக்கு இதற்குமேல் பேச இடமில்லை என்பது தெரியும். கர்த்தரிடம் ஒன்றைச் சொன்னால் சொன்னதுதான். என் சின்ன வயதில் ஒரு தவக்காலத்தில் சீனியை விட்டவர், இன்றுவரை வெறும் தேத்தண்ணிதான் குடிக்கிறார். நான் திருத்தியது ஒரு கார்ட்டூன் கதையை என்றுதான் நினைத்திருந்தேன். அவர் அதைத் தன் மனச்சாட்சியில் கண்ட பிழையாக எடுத்துக்கொண்டார்.

அப்பா மேலே கேட்கவில்லை. அரை மணி நேரமும் திரைக்கு முகத்தைக் கொடுத்தபடி இருந்தார். ஞாயிறும் அப்படியே போனது.

திங்கட்கிழமை கிளினிக்குக்கு நானும் அவரும் யாழ்ப்பாணம் போனோம். பஸ்ஸில் அவருக்கு யன்னல் கரை. வேலணை தாண்டி, இரண்டு பக்கமும் கடல் வந்ததைக் காற்றில் அறிந்துகொண்டு முகத்தை வெளியே திருப்பினார்.

"அண்டைக்கு நீங்கள் ரெண்டு பேரும் குசினிக்குள்ள போனாப்பிறகு," என்றார், "அந்தப் பாலத்தை உண்மையாவே திருத்துற ஆக்கள் வந்தவை. நரியைப் பிடிச்சு, 'காசு சேத்தனி எல்லோ, வா, கல்லுச் சும' எண்டு வேலை வாங்கினவை. மற்றவன் எங்கயோ ஒளிச்சு நிண்டு தும்மிப்போட்டான்."

"ஆர் உங்களுக்குச் சொன்னது?"

"அவங்கள்தான் கதைச்சவங்களே."

நான் அவரைப் பார்த்தேன். அவர் கடலின் பக்கமே இருந்தார்.

"கலியாணத்துக்கு முதல் மூண்டு வருசம் நீர்கொழும்பில தொழில் செய்தனான். சிங்களம் கேட்டா விளங்கும்."

"அம்மாவுக்குத் தெரியாதோ?"

"அங்க நிண்டது தெரியும். மீன் பேரும் எண்ணிக்கையும்தான் பழகினனான் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறா. நான் மறுத்துச் சொல்லேல்லை."

"அப்ப ஏன் ஒவ்வொரு முறையும் என்ன சொல்லுறான், என்ன செய்யிறான் எண்டு கேட்டனீங்கள்?"

"அவன் சொல்லுறது ஒரே கதைதானே, பிள்ளை. கொம்மா சொல்லுறதைக் கேக்கத்தான்." யன்னல் கம்பியில் கையை வைத்துக்கொண்டார். "இத்தனை வருசமும் அவ என்னோட கதைச்சது அரிசியும் பிள்ளையளின்ர காய்ச்சலும்தான். எனக்குக் கண் போனாப்பிறகுதான் அவ கள்ளன்மாதிரிக் கதைக்கத் துவங்கினவ. அவவுக்குள்ள அப்பிடி ஒருத்தன் இருந்தது எனக்கே தெரியாது."

"அம்மாவிட்ட இதைச் சொல்லுங்கோ. பொய்யில்லை எண்டு விளங்கினா, திரும்பச் சொல்லுவா."

"சொல்லமாட்டா. ரெண்டு வருசமாத் தன்னை இருத்தி வைச்சுக் கூத்துப் பாத்தவர் எண்டுதான் நினைப்பா. வெக்கப்பட்டுப் போவா. இப்ப பாவம் எண்டு நினைக்கிறா, அது பரவாயில்லை. பாவத்துக்கு மன்னிப்பிருக்கு. நீயும் வாயைத் திறக்காதை."

திறக்கவில்லை. அவர் சொன்னது சரியா என்பது எனக்கு இன்றும் உறுதியில்லை. ஒருவேளை அம்மா சிரித்திருக்கக்கூடும். பத்திரிகையில் ஒரு பிழை போய்விட்டால் அடுத்த நாள் சிறிய கட்டம் ஒன்றில் திருத்தம் போடுவோம். அப்படி நூற்றுக்கணக்கில் எழுதியிருக்கிறேன். சரியாகச் சொன்னதற்கு எப்படித் திருத்தம் எழுதுவது என்பதை எவரும் எனக்குப் பழக்கவில்லை. சிங்களம் தெரிந்த இரண்டு பேர் அந்த அறையில் இருந்தோம். ஒருவர் இரண்டு வருடம் பேசாமல் இருந்தார். நான் இரண்டு நாள்கூட இருக்கவில்லை.

மூன்று மாதம் கழித்து அடுத்த கிளினிக்குக்குப் போனபோது, ஒரு யோசனையோடு போனேன். அம்மா சொல்ல முடியாது; நான் சொல்லலாம். நான் யாரிடமும் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. புகைவண்டியில் ஒரு தாளில் குறிப்புக்கூட எழுதினேன்: நரி தீவுக்கு வரும் சுற்றுலாக்காரர்களுக்குக் கடல் தண்ணீரைப் போத்தலில் விற்கிறது, மரநாய் அதற்கு உப்புப் போடுகிறது.

ஞாயிறு ஐந்து மணி. அப்பா கதிரையில். அம்மா சுவரோடு சாய்ந்து நிலத்தில் இருந்து வெங்காயம் உரித்தார். நான் மூக்கால் பேச முயன்றேன்.

"நரி இப்ப போத்தில் விக்கிறானப்பா. 'இது சும்மா தண்ணியில்லை, தீவுத் தண்ணி' எண்டுறான்."

அப்பா சிரித்தார்.

அம்மா சொல்லும்போது அவருடைய சிரிப்பு வசனம் முடிய முன்னரே தொடங்கிவிடும். இப்போது நான் முடிக்கும்வரை பொறுத்தார். முடிந்துவிட்டதென்று உறுதிசெய்துகொண்டார். பிறகு சிரித்தார். தோள் குலுங்கவில்லை. இருமல் வரவில்லை. அடுத்த வசனத்துக்கும் அதே அளவு இடைவெளி, அதே அளவு சத்தம். கண் தெரியாத அந்த மனிதர், என் மனம் நோகாதிருக்க உழைத்துக்கொண்டிருந்தார்.

திரையில் நரி கால் தவறிக் கிணற்றுக்குள் விழுந்தது. தடித்தவன் மேலே நின்று எட்டிப் பார்த்தான். என் குறிப்பில் கிணறு இல்லை. நான் சொல் தேடினேன். அம்மாவின் கை வெங்காயத்தில் நின்றுவிட்டது. அவர் திரையைப் பார்த்தார். வாய் திறந்தது. அந்த மூக்குக் குரலுக்கு மூச்செடுத்ததுகூட எனக்குக் கேட்டது. பிறகு வாயை மூடிக்கொண்டு, அடுத்த வெங்காயத்தை எடுத்தார்.

"கிணத்துக்குள்ள விழுந்திட்டான்," என்றேன் நான்.

"ஓம், ஓம்," என்றார் அப்பா. சிரிக்க நினைத்து, பிந்திவிட்டார். "காணும், பிள்ளை. செபத்துக்கு நேரமாச்சுப் போல. நிப்பாட்டு."

எங்கள் வீட்டில் செபமாலை ஏழு மணிக்கு. மணிக்கூடு ஐந்தே கால் காட்டியது. நான் அதைப் பார்த்தேன். அம்மாவும் அதைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"ஓமப்பா," என்றார் அம்மா. "ஏழாகுது."

வெங்காயத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து, கையைச் சீலையில் துடைத்து, மாதா படத்துக்கு முன்னால் மெழுகுதிரியைக் கொளுத்தினார். நான் தொலைக்காட்சியை நிறுத்தி முழங்காலில் இருந்தேன். வாசலில் நல்ல வெயில். அம்மா மந்திரத்தின் முதற்பாதியைச் சொன்னார், அப்பா மறுபாதியைச் சொன்னார். ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் பொறுத்திருந்து, ஐம்பத்துமூன்று மணியும் உருட்டி முடித்தார்கள்.