மாதத்தின் சுத்தமான சட்டை

சோப்புத்தூள் விளம்பரத்தில் ஒரு அம்மா சிரித்துக்கொண்டே துவைக்கிறாள். பிள்ளை சேற்றைப் பூசிக்கொண்டு வந்து நிற்கிறான், இவளுக்கு ஒரே பூரிப்பு. நேற்று பார்த்தபோது ரிமோட்டை எறியலாம் போல வந்தது. எங்கள் அம்மா துவைக்கத் தொடங்கினால் அரை மணி நேரம் என்னைத் திட்டுவாள். உண்மையில் துவைக்கிறவர்கள் அப்படித்தான் இருப்பார்கள், சொல்லிவிட்டேன்.

சில வருடங்களுக்கு முன்பு இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கம்பெனியில் மெஷின் ஷாப்பில் இருந்தேன். நாளெல்லாம் கிரீஸிலும் ஆயிலிலும் புரளும் வேலைக்கு வெளிர் சாம்பல் நிறத்தில் சட்டை கொடுத்தார்கள். அந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்த புண்ணியவான் ஆயுளில் ஒரு கைக்குட்டைகூடத் துவைத்திருக்க மாட்டான். ரேஷனில் வாங்கிய மண்ணெண்ணெயைத் துணியில் தொட்டு, அம்மா கறையைத் தேய்த்து எடுப்பாள். சட்டை மடிப்பில் ஒளிந்திருக்கும் இரும்புப் பிசிறு அவள் விரலில் ஏறும். கம்பெனி எனக்கு மட்டும்தான் கையுறை கொடுத்திருந்தது. பிள்ளைப்பாக்கத்து நிலத்தை விற்றுவிட்டு டீக்கடையே கதியென்று கிடந்த அப்பாவோ, யார் கேட்டாலும், "அவளுக்கு இன்னா வேல, வூட்ல சும்மாதான கீறா" என்பார். அவருடைய வேட்டி அப்போது கொடியில் காய்ந்துகொண்டிருக்கும்.

மாதாமாதம் சுத்தமான யூனிஃபார்முக்கு எங்கள் லைனில் ஒரு பரிசு உண்டு. மூன்று மாதம் தொடர்ந்து எனக்கே வந்தது. தெற்கத்திப் பையன்கள் அறை எடுத்துத் தங்கித் தாங்களே துவைத்துக்கொள்கிறவர்கள். "எலேய், இவனுக்குப் பட்டனும் அம்மாதான் மாட்டி விடுவாக" என்று கேலி செய்தார்கள். எனக்குச் சுருக்கென்றது.

குடும்ப தினத்தன்று பரிசை மேடையில் கொடுத்தார்கள். அம்மா கல்யாணத்துக்கு மட்டும் எடுக்கும் பட்டுச்சேலையில் மூன்றாவது வரிசையில் இருந்தாள். சூப்பர்வைசர் மைக்கை நீட்டினார்.

"எப்பிடிப்பா இவ்ளோ சுத்தமா வெச்சிக்கினு கீற?"

தெற்கத்திப் பையன்களைப் பார்த்தேன். "நானே தோச்சிக்கிறேன் சார்."

கைதட்டினார்கள். அம்மாவும் தட்டினாள். அந்தப் பேச்சு வந்த வாயை இன்றும் எனக்குப் பிடிப்பதில்லை.

மறுநாள் அப்பாவின் வேட்டி, தம்பியின் பேன்ட், என் லுங்கி எல்லாம் கொடியில் இருந்தன. யூனிஃபார்ம் மட்டும் ஆணியில் அழுக்காகவே தொங்கியது.

"இன்னாம்மா, என் சட்டை?"

"நீதான தோச்சிக்கிற. ஊரே கேட்டுச்சே."

இரண்டு நாள் கோபம் என்று நினைத்தேன். சோறு போட்டாள், காய்ச்சலுக்குக் கஷாயம் வைத்தாள். அந்தச் சட்டையை மட்டும் நான் வேலையை விடும்வரை தொடவில்லை. முதல் முறை நானே துவைத்தபோது பிசிறு நகக்கண்ணில் ஏறியது. ஊசியை எடுத்து வந்து அம்மாவிடம் கையை நீட்டினேன். எடுத்துவிட்டாள்.

அடுத்த மாதம் பரிசு வேறு ஒருவனுக்குப் போனது. "இன்னாப்பா ஆச்சு உனக்கு?" என்று சூப்பர்வைசர் கேட்டார். உண்மையைச் சொல்ல இன்னொரு வாய்ப்பு. "ஓவர்டைம் ஜாஸ்தி சார்" என்றேன்.

இப்போது ரேஷனில் மண்ணெண்ணெய் இல்லை. கம்பெனிச் சட்டைகளை யாரோ கான்ட்ராக்ட் எடுத்துத் துவைக்கிறார்களாம். அம்மாவும் போய்விட்டாள். அவள் காதுபட ஒரே ஒரு வரி சொல்லியிருக்க வேண்டும், எங்கம்மாதான் சார் துவைக்கிறாங்க என்று. சொல்லவில்லை.