பேர் கேட்காமல் இறக்கிய கூடை

இந்தக் கை என்னுடையதுதானா? இல்லை, யாரோ தன்னுடையதை என் தோளில் மாட்டிவிட்டு என்னுடையதை எடுத்துக்கொண்டு போய்விட்டார்களா?

கண்டியில் ஓர் ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் உட்கார்ந்து, மடியில் கிடந்த வலது கையைப் பார்த்தபடி ஜெயந்தினி இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். மடங்கு என்றாள் மனதுக்குள். விரல்கள் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் மடங்கின.

இது நடந்தது. தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், ஆடி மழையில் தொடங்கியது. தோட்டத்தின் பேர் வேண்டாம். அந்த மலையில் இன்னமும் பெண்கள் தேயிலைக் கொழுந்து எடுக்கிறார்கள். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். அவளே சொல்லக் கேட்டது இது. சொல்லி முடிக்கும்வரை அவள் ஒரு தடவைகூடத் தலையை நிமிர்த்தவில்லை.

ஜெயந்தினி மஸ்கெலியாவிலிருந்து அந்தத் தோட்டத்தின் மேல்பிரிவான மேற்கணக்கு லயத்துக்குக் கல்யாணமாகி வந்தவள். புருஷன் சின்னராசா கொழும்பில் இரும்புக் கடையில் வேலை; தீபாவளிக்கு வந்தால் உண்டு. பிள்ளை இல்லை. லயத்து வரிசையில் ஒற்றை அறைக் காம்பராவில் தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டு, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போய் வருவாள். பகலில் சுற்றிலும் ஆட்கள்தான். ஆனால் அவள் பேரை ஒருவர் வாயால் கேட்காமலே ஒரு முழுநாள் கழிந்துவிடும். அடுப்படியில் சில சமயம் தன் பேரைத் தானே மெல்லச் சொல்லிப் பார்ப்பாள். சொல்லிவிட்டு வெட்கப்படுவாள்.

அந்தத் தோட்டத்துப் பெண்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. மலையில் பனி மூடிவிட்டால், அடுத்தவள் கூடையிலோ பையிலோ கை வைக்குமுன் பேர் கேட்பார்கள். பேர் வந்த பிறகுதான் இறக்கிவிடுவார்கள். கொழுந்து நிறுக்கும்போது ஒருத்தியுடையது இன்னொருத்தி பேரில் விழுந்து சண்டை வரக்கூடாது என்பதற்காகத்தான் என்று ஜெயந்தினி நினைத்திருந்தாள். வேறு காரணம் உண்டா என்று அவள் கேட்டதில்லை. வெளியூரிலிருந்து வந்தவளை உட்கார வைத்துச் சொல்லவும் ஆளில்லை.

அன்று பத்து மணித் தேத்தண்ணிக்கு எல்லோரும் ரோட்டுக்கு இறங்கிவிட்டார்கள். அவள் நிரையில் இன்னும் சில செடிகள் மீதி. பனி காலடியில் தொடங்கி இடுப்புவரை ஏறி, பக்கத்துச் செடியையும் மறைத்துவிட்டது. கீழே பேச்சுக் குரல்கள் கேட்டுக்கொண்டிருந்தன. பிறகு அவையும் இல்லை.

"தங்கச்சி..."

பின்னால். மிக அருகில்.

"கழுத்து முறியுதும்மா. செத்த எறக்கி விடேன்."

பேர் கேட்டிருக்க வேண்டும். கேட்கத் தோன்றவில்லை. அந்தக் குரலில் அவ்வளவு வாஞ்சை. தன்னை ஒருவர் அப்படிக் கூப்பிட்டு எத்தனை நாளாயிற்று என்பதுதான் அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றியது.

திரும்பினாள். பனிக்குள் குனிந்த தலை ஒன்று. முகம் தெரியவில்லை. உச்சியில் கயிறு, முதுகில் பிரம்புக் கூடை. தோட்டத்தில் எல்லோரும் நைலோன் பைக்கு மாறி வருஷக்கணக்காகிவிட்டது என்பது அவளுக்குப் பிறகுதான் உறைத்தது.

கயிற்றை விடுவித்தாள். அத்தனை மழையிலும் கயிறு காய்ந்திருந்தது.

கூடையைத் தாங்கக் கைகளை விரித்தாள்.

கையில் எதுவும் விழவில்லை.

கூடை இல்லை. ஆளும் இல்லை. "அப்பாடா..." என்று ஒரு மூச்சு மட்டும், காதோரமாக.

அன்று சாயங்காலமே நெற்றியைச் சுற்றி ஏதோ இறுக்கத் தொடங்கியது. கழுத்து முன்னால் குனிந்துபோனது. ஒரு வாரத்தில் வலது கை விரல்கள் மரத்தன. இடது கால் தரையில் இழுபட்டது. தேத்தண்ணிக் கோப்பை கையிலிருந்து நழுவியது. நழுவியது அவளுக்குத் தெரியவே இல்லை, சத்தம் கேட்டுத்தான் குனிந்து பார்த்தாள்.

தோட்டத்து மருந்துக்காரர் சத்துக் குறைவு என்றார். ஹட்டனில் ஒரு டாக்டர் நரம்புத் தளர்ச்சி என்றார். நுவரெலியாவில் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, வீட்டில் ஏதும் கவலையா என்று கேட்டார்கள். மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா மட்டும் தெளிவாகச் சொன்னார்.

"என்னா வியாதின்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வா. புள்ளக்காம்பராவுல புள்ளைங்களப் பாத்துக்கிற லேசான வேலை தர்றேன். பேர் இல்லாத வியாதிக்கி நான் என்னா செய்ய?"

பெரட்டில் பெண்கள் சிரித்தார்கள்.

"வந்துட்டாங்கடி கண்டி மகாராணி," என்றாள் நாகலெட்சுமி. "இன்னைக்கி எந்த ஆஸ்பத்திரிக்கி பவனி?"

"புருசன் கொழும்புல இருக்கான்ல, காலு தானா அந்தப் பக்கம் இழுக்குது போல," என்றாள் இன்னொருத்தி.

ஜெயந்தினியும் சிரித்து வைத்தாள். அவளுக்குக் குணமாவதுகூட இரண்டாவதுதான். முதலில் ஒரு பேர் வேண்டும். இவள் பொய் சொல்லவில்லை என்று யாராவது ஒருவர் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் கண்டிவரை வந்திருந்தாள்.

ஸ்கேன் அறைக்குள் கூப்பிட்டார்கள். வளையல், தோடு, ஊசி எல்லாம் கழற்றிவிட்டுப் படுத்தாள். குழாய்க்குள் தள்ளினார்கள். டக்... டக்... டக்... என்று தொடங்கியது. உடனே நின்றது.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து ஒரு சிங்களப் பெண்ணின் குரல், தட்டுத் தடுமாறிய தமிழில்.

"தலையில கட்டினது கழட்டுங்க."

"ஒன்னும் கட்டலைங்க, மிஸ்."

நாற்காலி ஒன்று பின்னால் தள்ளப்படும் சத்தம் கேட்டது.

"கயிறு," என்றது குரல். "கயிறு இருக்கு."

கதவு திறந்தது. அந்தப் பெண் வந்து ஜெயந்தினியின் நெற்றியில் விரல் வைத்தாள். சட்டென்று எடுத்துக்கொண்டாள்.

"சொரி... கண்ணாடியில என்னமோ."

அதன் பிறகு அவள் ஜெயந்தினியின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

டாக்டர் யோகேஸ்வரன் படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மூளை, நரம்பு எல்லாம் நல்லா இருக்கும்மா. ஒன்னும் இல்ல."

"அப்ப இதுக்கு என்னா பேருங்க ஐயா?"

"பேர் வைக்க ஒன்னும் இல்லையே. சரி, எப்படி இருக்குன்னு இன்னொரு தரம் சொல்லுங்க. உங்க வார்த்தையிலேயே."

"தலையில கூடை மாட்டுன மாதிரிங்க. நெறஞ்ச கூடை. எறக்க ஆளில்லாத மாதிரி."

அவர் பேனா நின்றது.

"இப்படிச் சொல்லச் சொல்லி யாராவது சொன்னாங்களா?"

"இல்லைங்களே."

"இங்க ஒரு அம்மா வந்துட்டிருந்தாங்க. இதையேதான் சொல்லுவாங்க. உங்க தோட்டம்தான், கீழ்க்கணக்கு. உங்க சொந்தமா?"

"சொந்தம் இல்லைங்க. அவங்களுக்கு என்னான்னு கண்டுபுடிச்சீங்களா?"

அவர் அடுத்தவரைக் கூப்பிட்டார்.

பஸ்ஸில் திரும்பும்போது ஜெயந்தினிக்கு ஏறக்குறைய சந்தோஷமாக இருந்தது. எனக்கு மட்டும் இல்லை. இன்னொருத்தியும் இருக்கிறாள். அவள் எதிரில் உட்கார்ந்தால் போதும், ஒன்றும் பேசக்கூட வேண்டாம். லயத்துக்குப் போகாமல், காலை இழுத்துக்கொண்டு நேரே கீழ்க்கணக்குக்கு இறங்கினாள். கண்டிக்கு மருந்துக்குப் போகிற அம்மா வீடு எது என்று கேட்டாள். கடைசிக் காம்பராவைக் காட்டினார்கள்.

கதவைத் திறந்தவள் இளம்பெண். சுதர்ஷினி என்று பேர்.

"அம்மா இல்லைங்களே அக்கா. ஆடியில தவறிட்டாங்க."

உள்ளே சுவரில் மாலை போட்ட படம். அழகம்மா. படத்திலும் குனிந்தே இருந்தாள்.

"என்னா வியாதின்னு கடைசி வரைக்கும் யாருக்கும் தெரியல," என்றாள் சுதர்ஷினி. "நிமிரவே மாட்டாங்க. தவறுன அன்னைக்கி வார்டுல மட்டும் சும்மா நெட்டுக்குத்தா நிமிந்து உக்காந்தாங்க. சிரிச்சாங்க. 'பாரம் போயிருச்சுடி. மேக்கணக்குப் புள்ள ஒன்னு எறக்கி விட்டுட்டா'ன்னு சொன்னாங்க. தேத்தண்ணி ஊத்திட்டுத் திரும்பிப் பாக்குறேன்... உசிரு இல்ல."

"எத்தன மணிக்கி?"

"காலையில பத்து இருக்கும்."

ஜெயந்தினி உள்ளே தரையில் உட்கார, சுதர்ஷினியும் எதிரே உட்கார்ந்தாள்.

"உங்கம்மா... எந்த மலையில கொழுந்து எடுத்தாங்க?"

"கொழுந்தா? அவங்க ஃபெக்டரியில கூட்டுறவங்க. கூடையே தூக்குனதில்லைங்களே."

சுதர்ஷினி குரலைத் தாழ்த்தினாள்.

"ஒரு தரம் மேக்கணக்கு மலை வழியா வந்தாங்களாம். பனிக்குள்ள பேர் கேக்காம யாருக்கோ எறக்கி விட்டாங்களாம். அதுக்கப்புறந்தான் எல்லாமே. அது யாருன்னு அவங்களுக்கே தெரியாது."

அப்படியானால் அந்தக் கூடை... அழகம்மாவுடையதும் இல்லை.

வெளியே பனி இறங்கிக்கொண்டிருந்தது. சுதர்ஷினியின் பார்வை ஜெயந்தினியின் குனிந்த கழுத்தில் நின்றது. பிறகு மரத்த விரல்களில். பிறகு இழுபட்ட காலில். எத்தனையோ மாதம் இதையே பார்த்துக்கொண்டிருந்த கண்கள்.

"அக்கா... அது நீங்களா?"

ஜெயந்தினியின் கை நெற்றிக்குப் போனது.

சுதர்ஷினி எழுந்து பின்பக்கமாக வந்தாள்.

"எங்கம்மா குடுத்தது. உங்களுக்கெதுக்கு? செத்த திரும்பி உக்காருங்க. நான் எறக்கி விடுறேன்."

இரண்டு கைகள் நெற்றிக்கு அருகில் வந்தன. தொடவில்லை.

அதற்குள்ளேயே இறுக்கம் தளர்ந்தது.

கழுத்து லேசாயிற்று. தலை தானாக நிமிர்ந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு எதிரில் இருந்த சுவர் முழுதாகத் தெரிந்தது. சுவரிலிருந்த சின்னக் கண்ணாடியும் தெரிந்தது. அதில் அந்தப் பெண்ணின் நேரான, மெல்லிய கழுத்து.

ஜெயந்தினி தன் மந்தமான கையைத் தூக்கி, அந்த இரண்டு கைகளையும் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினாள். தலை மறுபடி குனிந்தது.

"வேணாம்மா," என்றாள். "எனக்குப் பழகிருச்சு."