கிளம்பின வண்டியைத் திருப்புவது

நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரி மார்கரெட் நல்ல மனுஷி. கனடாவின் இந்தச் சமவெளி ஊரில் எனக்கென்று இருக்கிற ஒரே மனுஷி என்றுகூடச் சொல்லலாம். ஆனால் தினமும் காலையில் நான் ஷூவை மாட்டி, கதவைத் திறந்து, ஒரு காலை வெளியே வைக்கிற நேரம் பார்த்துச் சமையலறையிலிருந்து குரல் கொடுப்பார்: எங்கே கிளம்பிவிட்டாய்? முகமெல்லாம் சிரிப்பாகத்தான் கேட்பார். இந்த ஊரில் அது அன்பு. சங்கரன்கோவிலில் வளர்ந்தவளுக்கு அது அபசகுனம். எங்கள் பக்கம் வெளியே கிளம்புகிறவரைப் பார்த்து யாரும் எங்கே என்று கேட்கமாட்டார்கள். கேட்டே ஆகவேண்டும் என்றால் "தூரமா?" என்பார்கள். வாய் தவறி யாராவது கேட்டுவிட்டால் உள்ளே வந்து, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். நானும் அப்படியே தினமும் ஷூவைக் கழற்றி, உட்கார்ந்து, குடித்துவிட்டுப் போகிறேன். கொஞ்ச நாள் பார்த்த மார்கரெட், ஒருநாள் ரொம்பத் தணிந்த குரலில், சர்க்கரை வியாதி ஏதும் உண்டா, விமானம் ஓட்டுகிற பெண் அதை டாக்டரிடம் மறைக்கலாமா என்று கேட்டார். இந்தச் சமாச்சாரத்தை ஆங்கிலத்தில் விளக்க எனக்குச் சாமர்த்தியம் போதாது. தாகம் என்று சொல்லி வைத்தேன்.

சின்ன விமானத்தைத் தனியாக ஓட்டும் லைசென்ஸ் என்னிடம் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு வேடிக்கைக்குப் பறக்கலாம், வேலைக்குப் போக முடியாது. சம்பளத்துக்குப் பறக்க மேலே ஒன்று வேண்டும், கமர்ஷியல் லைசென்ஸ். அதற்கு எக்ஸாமினர் ஒருவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வருவார், நாம் ஓட்டிக் காட்ட வேண்டும். ஒரு தடவை ஓட்டிக் காட்டித் தோற்றுவிட்டேன். இங்கே தங்குவதற்கான அனுமதி அடுத்த மாதத்தோடு முடிகிறது. இரண்டாம் தடவையும் தோற்றால், மூன்றாவதுக்கு நாள் வாங்குவதற்குள் நான் ஊரில் இருப்பேன். ஜெயிப்பேன் என்கிற நம்பிக்கை எனக்கு இல்லை. இதைப் படிக்கிற ஊர்க்காரர்கள் என்னைத் தைரியப்படுத்த வேண்டாம், அதெல்லாம் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

தோற்ற கதையைச் சொல்லிவிடுகிறேன். எக்ஸாமினர் வயசாளி, அதிகம் பேசாதவர். ஏறும்போதே, இன்று எங்கே போகிறோம் கோமதி என்று கேட்டார். போய்ச் சேரவேண்டிய ஊரை முன்தினம் அவரேதான் சொல்லியிருந்தார். எனக்கு அப்போதே முகம் செத்துவிட்டது. விமானத்திலிருந்து இறங்கித் தண்ணீரா குடிக்க முடியும்? ஏறிப் போனோம். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. பாதி வழியில் எதிரே பனி கொட்டிக்கொண்டிருந்தது. தரையும் வானமும் சேருகிற இடமே தெரியவில்லை. இன்ஜின் ஒன்று, இறக்கை இரண்டு, அந்த விமானத்துக்கு இது ஆகாது. திரும்ப வேண்டும் அல்லது வேறு ஊருக்கு விலக வேண்டும். பாடத்தில் முதல் பாடம் அது, தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்கிறார், அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்வார், சொல்வார் என்று நான் உயரத்தைக் குறைத்துக் குறைத்துப் போய்க்கொண்டே இருந்தேன். கடைசியில் அவர் "கன்ட்ரோல் என்னிடம்" என்று ஒரு வார்த்தை சொல்லி, தானே விமானத்தைத் திருப்பினார். அந்த ஒரு வார்த்தையோடு பரீட்சை முடிந்தது. இறங்கிய பிறகு, எதற்காகக் காத்திருந்தாய் என்று கேட்டார். நீங்கள் சொல்வீர்கள் என்று, சார் என்றேன். அவர் என்னை ஒருமாதிரி பார்த்தார். கோபம் இல்லை, நிஜமாகவே புரியவில்லை. இந்த விமானத்தில் நீதான் கேப்டன், நான் வெறும் பயணி என்றார்.

அப்பாவுக்குப் போன் செய்தேன். அப்பா தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "பக்கத்துல இருந்த ஆளு திரும்பச் சொல்லலையாட்டி?" என்றார். நான்தான் முடிவு செய்திருக்க வேண்டுமாம் என்றேன். "அது எப்படி? பெரிய ஆளு உக்காந்திருக்கும்போது நாம எப்படித் திருப்ப?" என்று எக்ஸாமினர் மேல் கோபப்பட்டார். பிறகு தாசில்தாரோடு ஜீப்பில் குருவிகுளம் பக்கம் போன கதையைச் சொன்னார். ஓடையில் வெள்ளம், தாசில்தார் வாயைத் திறக்கவில்லை, டிரைவரும் திறக்கவில்லை, ஜீப் தண்ணீருக்குள் இறங்கி நின்றுவிட்டது, எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள். டிரைவர் முந்திரிக்கொட்டையாக ஒரு வார்த்தை பேசவில்லை என்பதை அப்பா இன்றைக்கும் பெருமையாகத்தான் சொல்கிறார். காத்திருக்கிற பாடத்தை நான் எங்கே படித்தேன் என்று அன்றைக்கு எனக்குத் தெளிந்தது.

மறுபரீட்சைக்கு நாள் கிடைக்கத் தாமதமானது. அக்கா புது வீட்டுக்குப் பால்காய்ப்பு வைத்திருந்தாள், டிக்கெட்டையும் அவளே அனுப்பிவிட்டாள், ஊருக்குப் போனேன். தெருவில் அப்பாவுக்குப் புதுப் பெயர். தாலுகா ஆபீஸ் எல்லாம் மறந்துபோய், "பைலட் அப்பா" ஆகிவிட்டார். தலைக்கு மேலே எந்த விமானம் போனாலும் எதிர்வீட்டு அண்ணாச்சி அண்ணாந்து பார்த்து, "உங்க புள்ளையாத்தான் இருக்கும்லா" என்பாராம். அப்பாவும் மறுப்பதில்லையாம். நான் தோற்ற விஷயம் வீட்டு வாசலைத் தாண்டவில்லை.

என்னுடைய பயிற்சியாளர் ஒரு வேலை கொடுத்து அனுப்பியிருந்தார். யாரையாவது பக்கத்தில் உட்காரவைத்து, அவர்களுக்கு "முடியாது" என்று சொல்லிப் பழக வேண்டும். மொட்டை மாடியில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டேன். கையில் குழம்புச் சட்டி மூடி, அதுதான் விமானத்தைத் திருப்புகிற வளையம். எக்ஸாமினராக அப்பா. சட்டை போட்டு, பையில் பேனா குத்திக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"நான் என்னட்டி சொல்லணும்?"

"சும்மா இருக்கணும். நடுவுல ஒரு தடவ, இன்னும் கொஞ்சம் போய்ப் பாப்பமேன்னு சொல்லணும். நான் முடியாதுன்னு சொல்லுவேன்."

"எனக்கா?"

"அந்த ஆளுக்குப்பா."

முதல் நாள் சிரித்தே தொலைத்தேன். அதற்கப்புறம் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு சாயங்காலமும் அப்பா நேரே பார்த்தபடி, ஆபீஸ் குரலில், "இன்னும் கொஞ்சம் போய்ப் பாப்பமே" என்பார். என் வாய் "சரிப்பா" என்றுதான் சொல்லும். அவர் அப்படிச் சொல்லித்தான் பள்ளிக்கூடம் மாறினேன், அவர் அப்படிச் சொல்லித்தான் கனடா போனேன். அங்கே பனியில் காது மரத்து, பேச ஆளில்லாமல், நான்கு சுவரைப் பார்த்துச் சாப்பிட்டு, வந்துவிடட்டுமா என்று போனில் கேட்க வாயெடுத்தபோதெல்லாம் அதைத்தான் சொன்னார். அவர் கெட்டது எதுவும் சொன்னதில்லை. எனக்கு எங்கே நிற்பது என்றுதான் தெரியவில்லை.

கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் கடைசித் தடவையாக உட்கார்ந்தோம். "இன்னும் கொஞ்சம் போய்ப் பாப்பமே" என்றார். சட்டி மூடியை ஒரு பக்கமாகத் திருப்பினேன். "முடியாதுப்பா. முன்னால ஒண்ணும் தெரியல. இதுக்கு மேல என்னால போக முடியாது. நான் திரும்புதேன்" என்றேன். சார் என்று சொல்லியிருக்க வேண்டும், அப்பா என்று வந்துவிட்டது. அழுகையும் வந்துவிட்டது.

அப்பா சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்துத் திரும்பக் குத்திக்கொண்டார். கீழே தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"பரீட்சைக்குத்தானே சொல்லுதே?"

"ஆமாப்பா."

"நல்லாத்தான் சொல்லுதே. அங்கன போய் இப்படியே சொல்லு." எழுந்து தன் நாற்காலியை மடக்கப் பார்த்தார், அது மடங்காத நாற்காலி. தூக்கிச் சுவரோரம் வைத்துவிட்டு, "இங்கன சொல்லாத" என்று சொல்லிக் கீழே இறங்கிப் போனார்.

மறுநாள் மதுரைக்குக் கார். கரிவலம்வந்தநல்லூர் தாண்டியபோது, பறப்பதற்குப் போடுகிற கண்ணாடி கைப்பையில் இல்லை என்று தெரிந்தது. மொட்டை மாடியில் நாற்காலி மேல் இருந்தது, எனக்கு நன்றாகவே தெரியும். முதல்முதலாகக் கனடா கிளம்பியபோதும் இதே கண்ணாடியை மறந்தேன், அப்போது முன் இருக்கையிலிருந்த அப்பா, கிளம்பின வண்டியைத் திருப்பக் கூடாது என்று ஒரே பிடியாக நின்றார். இந்தத் தடவை அப்பா வரவில்லை. டிரைவர் நல்ல பையன், திருப்பு என்றால் திருப்பியிருப்பான். காரில் நான்தான் கேப்டன். டிரைவரிடம் வாயைத் திறக்காமல் அக்காவுக்குப் போன் செய்தேன். அக்கா வீட்டுக்காரர், பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கிற அத்தான், முதல் தடவை போலவே பைக்கில் விரட்டி வந்து ராஜபாளையத்துக்கு முன்னால் பிடித்துவிட்டார். ஜன்னல் வழியாகக் கண்ணாடியைக் கொடுத்தார், உறையெல்லாம் பிச்சிப்பூ வாசம். "எப்படிம்மா ரெண்டு தடவயும் அதையே மறக்கே?" என்றார். மறந்துதான் போய்விட்டது அத்தான் என்றேன்.

இன்று பரீட்சை. ஜன்னலுக்கு வெளியே மேற்கே மேகம் தாழ்ந்து கிடக்கிறது. மார்கரெட்டுக்கு இன்று என்ன நாள் என்று தெரியும், எனக்காகக் கேக் கூடச் செய்து வைத்திருக்கிறார். தெரிந்தும், பழக்க தோஷம், நான் வாசலில் கால் வைத்ததும் எங்கே கிளம்பிவிட்டாய் என்று சிரித்தபடி கேட்டுவிட்டார். ஒரு ஷூவைக் கழற்றினேன், இன்னொன்றின் முடிச்சு அவிழவில்லை, அப்படியே நொண்டிக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தேன். போனில் அப்பாவின் குரல்: "கெளம்பியாச்சாட்டி?" அவர் எங்கே என்று கேட்கமாட்டார். தண்ணீர் குடித்தாயிற்று. ஒரு காலில் ஷூ, ஒரு காலில் வெறும் சாக்ஸ். எழுந்து போ என்றோ, போகாதே என்றோ யாராவது சொல்வார்கள் என்று உட்கார்ந்திருக்கிறேன்.