செவலை மலையின் வெள்ளைக் கன்று

மொன்றியலில் மலை என்று ஒன்றைக் காட்டுகிறார்கள். உயரம் இருநூற்றுச் சொச்சம் மீற்றர். சித்திரையில் அதன் பழுப்புச் சரிவில் கடைசிப் பனி ஒரு திட்டாகக் கிடக்கும். வசந்தம் வந்துவிட்டது என்று எல்லோரும் மகிழும்போது, வெளிப்படிகள் பனியில் வழுக்காமல் இருக்க இன்னும் உப்புப் போட வேண்டுமா என்று நான் கவலைப்படுவேன். பத்தொன்பது படிகள். மூன்றாவது ஆடுகிறது. வீட்டுக்காரருக்கு நான்கு தரம் சொல்லியாயிற்று.

போன கிழமை அந்தப் பனித்திட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஸ்கொட்லாந்தில் ‘பிறவுண் கவ்’, பழுப்புப் பசு, என்று ஒரு மலை உண்டா என்று பேத்தியிடம் கேட்டேன். போனைத் தட்டிவிட்டுப் பிரெஞ்சும் தமிழுமாகக் கூவினாள்.

“செ வ்ரே, அப்பப்பா! உண்மையாவே இருக்கு. மாட்டின்ர பேரில மலை!”

அந்த மலைச் சரிவில் நெடுநாள் கரையாமல் கிடக்கும் பனித்திட்டை அங்குள்ளவர்கள் வெள்ளைக் கன்று என்கிறார்கள் என்றும் வாசித்துச் சொன்னாள். எங்கள் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை அந்தக் காலத்தில் சும்மா அளந்தாரோ என்று எனக்கு அறுபது வருடத்துக்கு மேலாக ஒரு சந்தேகம் இருந்தது. அது தீர்ந்தது. துரைக்காக அல்ல, மாமாவுக்காகச் சந்தோஷப்பட்டேன்.

எனக்கு அப்போது எட்டு வயது. இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றில் அப்பா டீமேக்கர். ஸ்ரோர் என்று சொல்லப்படும் தொழிற்சாலை அவர் பொறுப்பில் இருந்தது. அம்மாவின் தம்பி, என் மாமா, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தோட்டக் கந்தோரில் தற்காலிகக் கிளாக்கராக வேலை பார்த்தார். எங்கள் வீட்டுச் சாமான் அறையில், அரிசி மூட்டைகளுக்கு நடுவே, நானும் அவரும் ஒரே பாயில் படுப்போம்.

ஸ்ரோருக்குப் பின்னால் மானாப்புல் மூடிய மலை ஒன்று இருந்தது. வெயில் ஏறினால் புல் காய்ந்து மலை முழுவதும் மாட்டு நிறமாகிவிடும். தோட்டத்து வரைபடத்தில் அதன் பெயர் பிறவுண் கவ். தொழிலாளர்களுக்கு அது செவலை மலை. ஏன் அந்தப் பெயர் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை வரும். முதல் வெள்ளைக்காரன் ஒரு பசுவைக் கொடுத்து மலையை வாங்கினான் என்றார் பெரிய கங்காணி. படுத்திருக்கும் மாடு மாதிரி இருக்கிறது, அதனால்தான் என்றார் லொறிக்காரர். நான் நான்கு பக்கமும் போய்ப் பார்த்தேன். கொம்பையும் காணவில்லை, வாலையும் காணவில்லை.

இதில் பெரிய வேடிக்கை, அந்த மலையில் மாடு ஏறக்கூடாது என்ற சட்டம்தான். அடிவாரத்தில் இளந்தேயிலை நட்டிருந்தார்கள். மலையில் பிடிபடும் மாட்டை அன்றோடு தோட்டத்தை விட்டு விற்றுவிட வேண்டும். அந்தக் குடும்பம் பிறகு மாடே வைத்திருக்க முடியாது.

உண்மைக் காரணத்தைக் கண்டுபிடித்தவர் மாமா. துரை சொல்லச் சொல்ல டைப் அடித்துக்கொண்டிருந்த ஒரு நாள் துணிந்து கேட்டுவிட்டார். இருபது வருடத்தில் தன்னிடம் இதைக் கேட்ட முதல் ஆள் நீதான் என்று சொல்லித் துரை கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டாராம். அவருடைய ஊரில் அதே பெயரில் ஒரு மலை. மற்ற இடமெல்லாம் பனி போன பிறகும் அதில் மட்டும் ஒரு வெள்ளைத் திட்டு நிற்கும். துரையின் அம்மா ஜன்னலைத் திறந்து, “கன்று இன்னும் தாயோடதான் நிக்குது” என்பாளாம். “இங்கே பசு இருக்கிறது. கன்றுதான் இல்லை” என்று முடித்தாராம். மாமா அதை எங்களுக்கு நடித்துக் காட்டினார்.

“வெள்ளைக்காரருக்கு வேற அலுவல் இல்லை,” என்றாள் அம்மா. “நீ வருசப் பிறப்புக்குக் கேக்க வேண்டியதை யோசி.”

எங்கள் துரையிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஆங்கில வருடப் பிறப்பன்று உத்தியோகத்தர் எல்லோரும் மாலையும் எலுமிச்சம்பழமும் கொண்டு பங்களாவுக்குப் போவார்கள். ஒவ்வொருவரும் ஒன்று கேட்கலாம். நியாயமானால் கொடுப்பார். இரண்டு கேட்டால் இரண்டும் கிடையாது. மாமா கேட்கவேண்டியது தீர்மானமாகியிருந்தது. எங்கள் வரிசையில் ஒரு குவாட்டர்ஸ் காலியாகக் கிடந்தது. ஊரில் அவருக்கு ஒரு பெண் பேசி முடித்திருந்தார்கள். சாமான் அறைக்கு மகளை அனுப்ப மாட்டோம், வீடு கிடைத்தால் தாலி என்று பெண் வீட்டார் சொல்லிவிட்டார்கள். கேட்கவேண்டிய ஆங்கில வசனத்தை மாமா மாதக்கணக்காகப் பாடமாக்கினார். கூடப் படுத்த எனக்கே அது மனப்பாடம்.

வருடத்தின் கடைசி நாள் பின்னேரம், எங்களுக்குப் பால் தரும் பெண் குசினி வாசலில் வந்து குந்தினாள். புருஷன் இல்லாதவள். மூன்று பிள்ளைகள்.

“சின்னக் கிளாக்கர் ஐயா, சென மாடு கயித்த அறுத்துக்கிட்டு செவல மலைக்கு ஏறிருச்சுங்க. அங்கனயே கன்னும் போட்டிருச்சு. வாச்சர் புடிச்சு அங்கனயே கட்டிப்போட்டுட்டாரு. நாளைக்கு டவுன்ல இருந்து யாவாரி வாறானாம்.”

“துரையிட்டச் சொன்னியா?”

“தொரைகிட்ட நாங்க எங்கிட்டுப் போறதுங்க?”

மாமா கன்று என்ன நிறம் என்று மட்டும் கேட்டார். வெள்ளை என்றாள். அவள் போனதும் அம்மா அவர் முன்னால் வந்து நின்றாள்.

“தம்பி, நாளைக்கு வாயைத் திறந்தால் வீடு. வேறொண்டும் கதைக்கப்படாது.”

“ஓம் அக்கா.”

அடுத்த நாள் காலை தாம்பாளம் தூக்க நானும் போனேன். மழை முந்தியே விட்டிருந்ததால் மலை நல்ல பழுப்பு. பங்களாப் புல்தரையில் பன்னிரண்டு பேர் வரிசை. அப்பா எங்கள் குசினிக் கூரைக்குத் தகரம் கேட்டார். தலையசைப்பில் கிடைத்தது. அடுத்தது மாமா. அந்த வசனத்தின் முதல் சொல்லை நானே அவருக்காக வாய்க்குள் சொன்னேன்.

மாமா கையை நீட்டி மலையைக் காட்டினார். “சேர், தயவுசெய்து அங்கே பாருங்கள்.”

துரை திரும்பினார். பழுப்பு மலையின் இடுப்பில் வெள்ளையாக ஒரு பொட்டு; செவலைத் தாய் புல்லோடு கலந்து தெரியவில்லை. உள்ளே போய்த் தூரக்கண்ணாடியை எடுத்துவந்தார். கண்ணில் வைத்தவர் வைத்தபடியே நின்றார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எங்களுக்கும் விளங்கவேண்டும் என்று தன் தோட்டத் தமிழில் கத்தினார்: “அடே! செவலே கன்னு போட்டிச்சு!”

மாமா மாட்டின் கதையைச் சுருக்கமாகச் சொன்னார். “கன்று தாயோடு நிற்கட்டும், சேர். மாடும் அந்தப் பெண்ணோடு நிற்கட்டும். என் கேள்வி இதுதான்.”

துரை வாச்சரைக் கூப்பிட்டார். கன்று நன்றாக நடக்கும்வரை தாயும் கன்றும் மலையில் நிற்கலாம், பிறகு அந்தப் பெண் ஓட்டிக்கொண்டு போகலாம், தண்டனை எதுவும் இல்லை என்றார். பிறகு மாமாவை உற்றுப் பார்த்தார்.

“உனக்கென்று ஒன்றும் இல்லையா?”

“ஒன்றுதானே சட்டம், சேர்.”

துரை அவருக்குக் கை கொடுத்தார். கிளாக்கருக்குத் துரை கை கொடுத்ததை அன்றுதான் கண்டேன். பிறகு அடுத்த ஆளிடம் போனார். அடுத்த ஆள் சம்பளக் கிளாக்கர். புது மாப்பிள்ளை. அவர் குவாட்டர்ஸைக் கேட்டார். கிடைத்தது.

அந்த நேரம் இன்னொன்றையும் சேர்த்துக் கேட்டிருக்கலாமே, துரை நல்ல மனநிலையில்தானே இருந்தார் என்று இந்த வயதிலும் என் மனம் அடித்துக்கொள்கிறது. வாழ்நாள் முழுவதும் எண்ணி எண்ணிக் கேட்டு வாங்கிய ஆள் நான். மாமா அப்படி இல்லை. அவருக்கு அந்த ஒன்று போதுமாயிருந்தது. அந்த ஒன்றையும் இன்னொருத்திக்குக் கொடுத்தார்.

அம்மா இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் சுவரைப் பார்த்துச் சொன்னாள்: “மாட்டுக்கு மலை வாங்கிக் குடுத்தவருக்குப் பெண் குடுக்க ஊரில ஆர் இருக்கினம்?” தை முடியுமுன் மாமாவுக்குப் பேசிய பெண்ணை வேறிடத்தில் செய்துகொடுத்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது.

அதற்கு முன் ஒரு நாள் காலை பால்காரப் பெண் கன்று போட்டதும் வரும் கடும்புப் பாலைச் சீனி போட்டு அவித்து, வாழையிலையில் பொதிந்து கொண்டுவந்தாள். மாமாவின் கையில்தான் கொடுப்பேன் என்று நின்று கொடுத்துவிட்டுப் போனாள். அவர் பொதியை அப்படியே என் மடியில் வைத்தார். நான் வாய் நிறையத் தின்றுகொண்டு கேட்டேன்.

“மாமா, இனி நீங்கள் எங்கட வீட்டிலதானே இருப்பியள்?”

“ஓமடா. உன்ர பாயிலதான்.”

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. செவலை மாட்டுக்குப் புல்லுக் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும் என்றேன். மாமா ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் எட்டிப் பார்த்தேன். அந்தக் குவாட்டர்ஸின் கதவுக்கு ஒருவன் பச்சைப் பெயின்ற் பூசிக்கொண்டிருந்தான்.

“நல்ல வடிவான பச்சை, என்ன மாமா?” என்றேன்.