ஒழுகாத ரேடியேட்டர்

பழைய மோட்டார் காரை வெட்டி, மலையேறும் வண்டியாக நான் கட்டியதுதான் உங்களுக்குத் தெரியுமே. இன்று முதல் ஓட்டம்.

சேந்தமங்கலம் தாண்டி முதல் ஏற்றத்திலேயே ரேடியேட்டர் கொதித்தது. ஆறவைத்து மூடியைத் திறந்தால், உள்ளே கஞ்சி.

பக்கத்தில் என் மச்சான். ராசிபுரத்து நெசவாளி. ரேடியேட்டரில் இருந்த ஓட்டையை ஈயம் வைத்து அடைத்ததாக, தன் தங்கையான என் மனைவியின் தலையில் அடித்துச் சத்தியம் செய்தவர்.

"உலகச் சண்டை நடக்கற காலத்துல ஈயத்துக்கு எங்கீங்க மாப்ள போறது? தறியில பாவு நூலுக்குப் போடற கஞ்சியத்தானுங்க ஊத்துனேன். ஒழுகுதுங்களா, பாருங்க" என்றார்.

ஒழுகவில்லைதான். வண்டியும் நகரவில்லை.

வீட்டுக்கு நடந்தே வந்து மனைவியிடம் சொன்னேன்.

"நாந்தானுங்க காச்சிக் குடுத்தேன். கட்டி தட்டிப்போச்சுங்களா?" என்கிறாள்.

இனி யார் தலையில் அடித்துச் சத்தியம் வாங்குவது, நீங்களே சொல்லுங்கள்.